மின்தேக்குதிறனின் பேரலகுகள்

முன்னுரை

நெல்லை மரக்காலாலும் பொன்னைக் குன்றிமணியாலும் அளந்தவர் நம் முன்னோர். அளக்கப்படும் பொருளுக்கேற்ப அலகு அமைதல் வேண்டும் என்னும் இந்நெறி மின்னியலுக்கும் பொருந்தும். மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனை மின்தேக்குதிறன் என்பர்; இலங்கைப் பாடநூல்கள் இதனைக் கொள்ளளவம் என வழங்குகின்றன. இதன் பேரலகுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் முறையினையும், அம்மாற்றத்துள் மறைந்து கிடந்த ஓர் உண்மையினையும் ஈண்டு நோக்குவோம்.

ஃபாரட்

மைக்கேல் ஃபாரடேயின் (1791–1867) பெயரால் அமைந்த அலகு ஃபாரட். 1881இல் பாரிசு நகரில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு இதனை மின்தேக்குதிறனின் அலகாக ஏற்றது. 1 கூலும் மின்னூட்டம் அளிக்க, மின்னழுத்தம் 1 வோல்ட் உயருமாயின், அதுவே 1 ஃபாரட்.

எண்ணில் சிறிதாகத் தோன்றினும் இது மிகப் பெரிய அலகாகும். தனித்து நிற்கும் கடத்தி உருண்டை ஒன்று 1 ஃபாரட் பெற வேண்டுமாயின், அதன் ஆரம் ஏறத்தாழ 90 இலட்சம் கிலோமீட்டர் இருத்தல் வேண்டும். இது கதிரவனின் ஆரத்தைப் போல் பதின்மூன்று மடங்கு. நாம் வாழும் நிலவுலகின் மின்தேக்குதிறனோ ஏறத்தாழ 710 மைக்ரோஃபாரட் மட்டுமே. ஆதலின் மைக்ரோ, நானோ, பிக்கோ என்னும் சிற்றலகுகளே நெடுங்காலம் வழக்கில் நின்றன. மீமின்தேக்கிகள் தோன்றியபின் நிலை மாறிற்று. கையில் அடங்கும் கலம் ஒன்று 2.7 வோல்ட் அழுத்தத்தில் 3,000 ஃபாரட் கொள்கின்றது.

பதின்மடங்கு மாற்றம்

1 கிலோஃபாரட் 1,000 ஃபாரட். 1 மெகாஃபாரட் 10 இலட்சம் ஃபாரட். 1 கிகாஃபாரட் 100 கோடி ஃபாரட். பேரலகிலிருந்து சிற்றலகுக்குச் செல்லும்போது பெருக்குக, மறுதலையாயின் வகுக்க. சான்றாக, 2.5 மெகாஃபாரட் என்பது 2,500 கிலோஃபாரட். அதாவது 25 இலட்சம் ஃபாரட். மேற்கூறிய மீமின்தேக்கியின் அளவு 3 கிலோஃபாரட்.

குறியீட்டில் விழிப்பு வேண்டும். ஆங்கிலச் சிறிய எம் மில்லியையும் பெரிய எம் மெகாவையும் குறிக்கும். இவை இடம் மாறின் 100 கோடி மடங்கு பிழை நேரும். பழைய மின்விசிறிக் கண்டென்சர்களின்மேல் காணப்படும் ‘எம்.எஃப்.டி.’ என்பது மெகாவும் அன்று, மில்லியும் அன்று, அது மைக்ரோஃபாரட்டே.

அப்ஃபாரட்டும் ஸ்டாட்ஃபாரட்டும்

சென்டிமீட்டர், கிராம், நொடி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட முறையில் மின்தேக்குதிறனுக்கு இரண்டு அலகுகள் உள. காந்தவிசையை அடியாகக் கொண்டது அப்ஃபாரட். மின்னூட்டங்களுக்கு இடைப்பட்ட விசையை அடியாகக் கொண்டது ஸ்டாட்ஃபாரட். 1 அப்ஃபாரட் 100 கோடி ஃபாரட் ஆதலின், அது 1 கிகாஃபாரட்டுக்குச் சமம். 1 ஸ்டாட்ஃபாரட்டோ 1.113 பிக்கோஃபாரட், 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருண்டையின் மின்தேக்குதிறன் இதுவே.

இவ்விரண்டனுள் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் எண் என்ன? 1 அப்ஃபாரட்டில் ஏறத்தாழ 8.988 × 10²⁰ ஸ்டாட்ஃபாரட் உள. இவ்வெண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.998 × 10¹⁰. நொடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்பது ஒளியின் வேகமன்றோ!

இது தற்செயல் அன்று. 1856இல் வெபரும் கோல்ராஷும் லெய்டன் சாடியில் தேக்கிய மின்னூட்டத்தை இருவகையாலும் அளந்து, அவற்றின் விகிதத்தைக் கண்டனர். அது நொடிக்கு ஏறத்தாழ 3,10,000 கிலோமீட்டர் என்னும் வேகமாக அமைந்தது. 1849இல் ஃபிசோ அளந்த ஒளிவேகத்திற்கு இது நெருங்கி நிற்பதைக் கண்ட மேக்ஸ்வெல், ஒளியும் மின்காந்தத்தின் வெளிப்பாடே என்னும் முடிவிற்கு 1862இல் வந்தார். பின்னர் ரோசாவும் டார்சியும் மின்தேக்கிகளின் திறனை அவற்றின் வடிவளவுகளால் கணக்கிட்டும், மின்னோட்ட முறையால் அளந்தும் ஒப்பிட்டனர். 1907இல் அவர்கள் வெளியிட்ட ஒளிவேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,99,700 கிலோமீட்டர். 1983இல் வரையறுக்கப்பட்ட மதிப்போ 2,99,792.458 கிலோமீட்டர். ஒளிக்கதிர் ஒன்றையும் தொடராமல், மின்தேக்கியைக் கொண்டே ஒளியை அளந்தமை வியத்தற்குரியது.

முடிவுரை

அலகு மாற்றம் வெறும் பெருக்கல் வகுத்தல் எனக் கருதும் மாணவர் பலர். கிலோவும் மெகாவும் மனிதர் தம் வசதிக்காக வகுத்தவை. அவற்றின் மாற்றெண்கள் புதியன எவையும் கூறா. அப்ஃபாரட்டை ஸ்டாட்ஃபாரட்டாக்கும் எண்ணோ இயற்கையே வகுத்தது. இரண்டையும் பிரித்தறியும் மாணவனுக்கு மாற்று வாய்பாடும் ஒரு நூலாகும்.