பிரிண்டருக்குள் போகும் கவருக்கு என்னென்ன சோதனை, தெரியுமா?

லேசர் பிரிண்டருக்குள் நுழைந்து வரும் கவர் எவ்வளவு சூட்டைத் தாண்டி வருகிறது தெரியுமா? ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ்! டோனர் என்பது மை அல்ல, பிளாஸ்டிக் கலந்த பொடி. அதை உருக்கித் தாளில் பதிக்கத்தான் அத்தனை சூடு. கவர் அங்கே இருப்பது கண்ணிமைக்கும் நேரம்தான். மட்டமான பசைக்கு அதுவே போதும். கவர் தானாகவே வாயை ஒட்டிக்கொண்டு வெளியே வரும், கடிதம் உங்கள் கையிலேயே இருக்கும்!

அப்படியானால் ஜன்னல் கவர்? அந்தச் சூட்டுக்கென்று தயாரிக்காத பிளாஸ்டிக் என்றால் உள்ளே சுருங்கி உருளையில் அப்பிக்கொள்ளும். இதில் வேடிக்கை என்னவென்றால், 1902இல் சிகாகோவின் அமெரிக்கஸ் கலஹான் ஜன்னல் கவருக்குக் காப்புரிமை வாங்கியதே, முகவரியை இரண்டாம் தடவை எழுதும் வேலையை ஒழிக்கத்தான். உள்ளிருக்கும் கடிதமே முகவரி காட்டும்போது, கவரின்மேல் எதற்கு அச்சு?

கவர் ஏன் கசங்குகிறது? உள்ளே அடைபட்ட காற்றுதான் முக்கியக் குற்றவாளி! உருளைகள் நசுக்கும்போது அது போக வழியின்றி மூலையில் சுருக்கம் போடுகிறது. கையால் நன்றாக அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு வையுங்கள். ஒட்டு, கவரின் மூலை வரை எட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாதியில் நின்றால் அங்கேதான் மடிப்பு விழும். பின்கதவைத் திறந்து கவரை நேராக வெளியேறவிடும் வசதி பல பிரிண்டர்களில் உண்டு. பலர் தொட்டுப் பார்த்ததே இல்லை!

அளவு சுலபம். ஏ4 தாளை மூன்றாக மடித்தால் 110 × 220 மி.மீ. டி.எல். கவர், இரண்டாக மடித்தால் 162 × 229 மி.மீ. சி5. கனம் 80, 90 ஜி.எஸ்.எம். என்றால் பெரும்பாலான பிரிண்டர்கள் முரண்டு பிடிக்காது.

இங்க்ஜெட்டில் சூட்டுப் பயம் இல்லை. ஆனால் பளபளப்பான கவரில் மை காயாமல் இழுவிவிடும்.

உலோகக் கொக்கி வைத்தது, துணி ஒட்டிய அலுவலகக் கவர், குமிழி கவர் மூன்றையும் பிரிண்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு ரூபாய் ஒட்டிய மொய்க் கவரையும்தான்! மழைக்காலத்தில் ஈரம் குடித்து நெளிந்த கவரும் வேண்டாம். கட்டுக் கட்டாக வாங்கும் முன், கடையில் ஐந்தாறு மட்டும் கேட்டு வாங்கி ஓட்டிப் பாருங்கள்.