நானுஓயாவில் இறக்கி ஏற்றிய கணக்கு

சென்ற மாதம் வியாபார விடயமாக நுவரெலியாவுக்குப் போயிருந்தேன். கந்தப்பளை, இராகலைப் பக்கம் மரக்கறி வாங்கி பேலியகொடை சந்தைக்கு அனுப்பும் நண்பர் ஒருவர், ஒரு கணக்குத் தாளைக் காட்டி யோசனை கேட்டார். இப்போது தோட்டத்தடியில் ஏற்றும் சரக்கை அவருடைய லொறி நேரே சந்தையில் இறக்குகிறது. அதை விட்டு, சிறிய வாகனத்தில் நுவரெலியா வரை கொண்டுவந்து, அங்கே பலருடைய சரக்கோடு பெரிய லொறிக்கு மாற்றினால் கிலோவுக்கு நல்ல மிச்சம் வரும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எழுத்தில் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"நீங்கள் சரக்கெடுக்கும் இதே ஊர்களுக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. அது இந்தக் கணக்கில்தான் தோற்றது" என்றேன்.

"இராகலைக்கு ரயிலா நானா?" என்று வியந்தார்.

ஆம், ஓடியது. கொழும்பிலிருந்து வரும் பிரதான பாதை 1885இல் நானுஓயாவை அடைந்தது. ஐந்தரை அடி அகலப் பாதை அது. நுவரெலியா நகருக்குள் வராமலே ஹப்புத்தளைப் பக்கம் போய்விட்டது. நகரமும் அதற்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டங்களும் மாட்டு வண்டியை நம்பியிருந்தன. ஆகவே நானுஓயாவிலிருந்து 19 மைல் நீளத்துக்கு ஒரு கிளைப் பாதை போட்டார்கள். 1903 டிசம்பரில் நுவரெலியா வழியாகக் கந்தப்பளை வரையும், 1904இல் இராகலை வரையும் அது திறக்கப்பட்டது. உடப்புசல்லாவை ரயில் பாதை என்று அதற்குப் பெயர். அகலம் இரண்டரை அடி மட்டுமே.

அதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. அக்காலத்தில் மலை ரயில்கள் பல அப்படித்தான் போடப்பட்டன. அதே 1903இல் திறந்த இந்தியாவின் கல்கா–சிம்லா பாதையும் இரண்டரை அடி. அதற்கு முந்திய டார்ஜிலிங் பாதை இரண்டடி. குறுகிய பாதை மலையோடு ஒட்டி வளைந்து போகும். மண் வெட்டுவது குறைவு, தண்டவாளம் இலேசு, இன்ஜின் சிறியது. போடும் முதலை மட்டும் பார்த்தால் எந்த முதலாளியும் இதைத்தான் தெரிவு செய்வார்.

மறைந்திருந்த செலவு நானுஓயாவில் இருந்தது. இராகலையில் ஏற்றிய தேயிலைப் பெட்டி அதே பெட்டியில் கொழும்புக்குப் போக முடியாது. நானுஓயாவில் இறக்கி, அகலப் பாதை வண்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். மேலே போகும் அரிசி மூட்டைக்கும் உர மூட்டைக்கும் இதே கதைதான். இறக்குகூலி, ஏற்றுகூலி, உடைசல், களவு, அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் நேரம். போதாததற்கு நுவரெலியா மழை. புறக்கோட்டையில் நாட்டாமைமாருக்குக் கூலி கொடுத்துப் பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 19 மைல் வந்தாலும் 190 மைல் வந்தாலும் இறக்கி ஏற்றும் செலவு ஒன்றுதான். நானுஓயாவிலிருந்து கொழும்பு சுமார் 128 மைல். அந்தத் தூரத்துக்கு இது பெரிதாகத் தெரியாது. 19 மைலுக்குக் கிடைக்கும் கட்டணத்தோடு வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும்.

மாட்டு வண்டியோடு போட்டி இருந்தவரை இந்தக் குறை வெளியே தெரியவில்லை. 1920களிலும் 30களிலும் மலைநாட்டு வீதிகளில் லொறியும் பஸ்ஸும் பெருகின. லொறி தோட்டத்துத் தொழிற்சாலை வாசலிலேயே ஏற்றியது, கொழும்புக் களஞ்சியத்தில் இறக்கியது. இடையில் யாரும் பெட்டியைத் தொடவில்லை. 1940இல் பயணிகள் சேவை நின்றது. 1948இல் பாதையே மூடப்பட்டது.

களனிவெளிப் பாதையும் இரண்டரை அடிதான், 1902இல் அவிசாவளையை அடைந்தது. அவிசாவளை வரையான பகுதி பிழைத்ததற்கு 1990களில் அதை அகலப் பாதையாக மாற்றியதும் ஒரு காரணம். 1924இல் பதுளையை அடைந்த பிரதான பாதையோ ஆரம்பம் முதலே அகலம். 2025 நவம்பர் டித்வா புயல் அதைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. அது வேறு விடயம்.

அதே ஆண்டுகளில்தான் ஹிஜாஸ் ரயிலும் போடப்பட்டது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் 1900இல் தொடங்கி, உலக முஸ்லிம்களின் நன்கொடையோடு 1908இல் மதீனா வரை கொண்டுபோன பாதை. டமஸ்கஸிலிருந்து கடலுக்குப் போகும் பாதை ஒரு பிரெஞ்சுக் கம்பனியின் கையில் இருந்தது. சரக்கை அவர்களிடம் ஒப்படைத்து, அவர்கள் கேட்கும் கட்டணத்தைக் கொடுக்க வேண்டும். மதீனாவை அடைவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1905இல், ஹைபா துறைமுகத்துக்குச் சொந்தமாக ஒரு கிளை போட்டுவிட்டார்கள். நானுஓயாவில் பாதையின் அகலம் மாறியது, அங்கே உரிமையாளர் மாறினார். சரக்குக்காரனுக்கு இரண்டும் செலவுதான்.

நண்பர் கணக்குத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். வாகனக் கூலி இருந்தது, டீசல் இருந்தது. நுவரெலியாவில் இறக்கி ஏற்றும் கூலியும், அதில் நசுங்கும் மரக்கறியும் இல்லை. "கோவாவும் லீக்ஸும் ஒரு தடவை கூடுதலாகத் தூக்கிப் போட்டால் எத்தனை வீதம் கழியும் நானா?" என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது, நீங்கள்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். கரட்டை மட்டும் ஒரு கிழமைக்குப் புது வழியில் அனுப்பிப் பார்ப்பதாகவும், மற்றவை இன்ஷா அல்லாஹ் பழைய லொறியிலேயே போகும் என்றும் சொன்னார்.