ஏழு மணிக்குக் கப்பல், பதினொரு மணிக்கு விமானம்

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் திருச்சியிலிருந்து பெரியப்பா, பெரியம்மா, அண்ணன், அண்ணி, அவர்களின் எட்டு வயது மகன் என ஐந்து பேர் சிங்கப்பூருக்கு வந்திருந்தார்கள். மூன்று இரவு சொகுசுக் கப்பல் பயணம். சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கப்பல் மரினா பே கப்பல் முனையத்துக்குத் திரும்பும். அன்றே 11 மணிக்குச் சாங்கியிலிருந்து திருச்சிக்கு விமானம். இடைப்பட்ட ஏற்பாட்டை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். அறிவியல் ஆசிரியர் ஆயிற்றே, கணக்குப் போட்டுச் செய்வான் என்ற நம்பிக்கை.

கணக்கும் போட்டேன். கப்பலிலிருந்து இறங்க 30 நிமிடம். குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிகளை எடுக்கவும் 40. டாக்சி வரிசையில் 15. சாலையில் 25. மொத்தம் 110 நிமிடம். ஆக 8.50 மணிக்கு விமான நிலையத்தில் இருப்பார்கள். முகப்பு மூடுவது விமானம் புறப்பட 60 நிமிடம் இருக்கும்போது, அதாவது 10 மணிக்கு. 70 நிமிடம் மிச்சம்.

அவர்கள் முகப்புக்கு வந்து சேர்ந்தபோது மணி 10.04.

ஐந்து பேருக்கும் புதிய பயணச்சீட்டு வாங்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டிய அண்ணன் செவ்வாய்க்கிழமைதான் ஊர் போய்ச் சேர்ந்தார். பெரியம்மா கோபப்படவில்லை. “ஏம்ப்பா, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கும் இந்தக் கணக்கத்தான் சொல்லிக் கொடுக்கிறியா?” என்று மட்டும் கேட்டார். அதற்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

முதலில், தவறு தூரத்தில் இல்லை. கப்பல் முனையத்திலிருந்து மரினா கோஸ்டல் விரைவுச்சாலை, ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே வழியாகச் சாங்கி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அன்றும் அந்தச் சாலை 29 நிமிடம்தான் எடுத்தது. நான் நினைத்ததைவிட 4 நிமிடம் அதிகம், அவ்வளவுதான். பயண ஏற்பாடு என்றாலே நாம் வண்டியையும் சாலையையும்தான் யோசிக்கிறோம். உண்மையில் நேரத்தைத் தின்றது வண்டியில் ஏறுவதற்கு முன் நடந்தவை.

விமானத்தில் வருபவர்கள் சில நூறு பேர். ஒரு பெரிய சொகுசுக் கப்பலில் 4,000 பேருக்கு மேல் இருப்பார்கள். 2012ல் திறக்கப்பட்டபோதே மரினா பே முனையம் ஒரே நேரத்தில் 6,800 பயணிகளைக் கையாளும்படி கட்டப்பட்டது. அத்தனை பேரும் காலை உணவை முடித்துவிட்டு, ஒரே பாலத்தை நோக்கி, ஒரே இரண்டு மணி நேரத்தில் நகர்கிறார்கள். வாளித் தண்ணீரைப் புனலில் ஊற்றுவது போலத்தான் இது. நீங்கள் எவ்வளவு வேகமாக ஊற்றினாலும், புனலின் அடித்துளை விடுகிற அளவுக்கே தண்ணீர் இறங்கும். மீதி மேலே தேங்கும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். இவை நான் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டவை. கப்பலில் 4,000 பேர். குடிநுழைவு முகப்புகள் எல்லாம் சேர்ந்து நிமிடத்துக்கு 40 பேரை அனுப்புகின்றன. எல்லாரும் வெளியே வர 4,000 ÷ 40 = 100 நிமிடம். இப்போது எல்லாரும் முண்டியடித்து 50 நிமிடத்துக்குள் இறங்கிவிட்டார்கள் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 80 பேர் வருகிறார்கள், 40 பேர் போகிறார்கள். 50ஆவது நிமிடத்தில் வரிசையில் 2,000 பேர் நிற்பார்கள். கடைசி ஆள் 50 நிமிடம் கால்கடுக்க நிற்பார். ஆனால் அவர் வெளியே வரும் நேரம்? அதே 100ஆவது நிமிடம். முண்டியடித்ததால் ஒரு நொடிகூட மிச்சமாகவில்லை.

இதனால்தான் கப்பலில் பயணிகளுக்கு எண்ணோ நிறமோ கொடுத்துக் குழுக் குழுவாக அழைக்கிறார்கள். “சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள்” என்று பலர் சலித்துக்கொள்வார்கள். வரிசை அப்போதும் இருக்கிறது. நின்றுகொண்டு காத்திருப்பதை உட்கார்ந்து காப்பி குடித்தபடி காத்திருப்பதாக மாற்றியிருக்கிறார்கள். வெளியே வரும் நேரம் உங்கள் குழுவின் எண்ணைப் பொறுத்தது. என் அண்ணன் குடும்பத்துக்குக் கிடைத்தது கடைசியிலிருந்து மூன்றாவது குழு. நான் அதைக் கேட்கவே இல்லை.

முன்னதாக இறங்க ஒரு வழி உண்டு. பொதுவாகப் பெரிய பெட்டிகளை முந்தைய இரவே அறை வாசலில் வைத்துவிட வேண்டும். ஊழியர்கள் எடுத்துச் சென்று காலையில் முனையத்தில் அடுக்குவார்கள். அதற்குப் பதிலாகத் தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு இறங்குவதாகச் சொன்னால் பல கப்பல்களில் முதலில் விடுவார்கள். பெட்டி தேடும் நேரமும் மிச்சம். ஏழு பெட்டிகளோடு வந்த பெரியம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது என்பது வேறு விஷயம்.

வரிசையில் நின்றபின் எவ்வளவு நேரம் ஆகும் என்று அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. 1961ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கான விதியை நிரூபித்தார். வரிசையில் சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கை = ஒரு நிமிடத்துக்கு வருபவர்கள் × ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் நிமிடங்கள். நீண்ட நேரம் சீராக ஓடும் வரிசைக்கான விதி இது. அதன் கருத்தை எடுத்துக்கொண்டு நாம் இப்படிச் செய்யலாம்: முன்னால் நிற்பவர்களை எண்ணுங்கள், இரண்டு நிமிடத்தில் எத்தனை பேர் போகிறார்கள் என்று பாருங்கள், வகுத்துவிடுங்கள். அன்று டாக்சி வரிசையில் அண்ணன் தொலைபேசியில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. முன்னால் 45 குடும்பங்கள், இரண்டு நிமிடத்துக்கு மூன்று வண்டி. அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை. 45 ÷ 1.5 = 30 நிமிடம். சரியாக முப்பதாவது நிமிடம் ஏறினார்கள். அதுவும் இரண்டு டாக்சிகளில். ஐந்து பேரும் ஏழு பெட்டிகளும் ஒரு டாக்சியில் அடங்காது.

என் கணக்கில் இருந்த பெரிய ஓட்டைக்கு இப்போது வருகிறேன். நான் எடுத்துக்கொண்டவை எல்லாம் சராசரி நேரங்கள். சராசரி என்பது நடுவில் இருக்கும் எண். ஏறத்தாழப் பாதி நாள்களில் அதைவிட அதிகமாகத்தான் ஆகும். நமக்கு வேண்டியது அந்த எண் எவ்வளவு தூரம் ஏறி இறங்கும் என்பது. கணிதப் பாடத்தில் நீங்கள் படிக்கும் ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது திட்ட விலக்கம், இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அளக்கிறது.

நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் சராசரி 25 நிமிடம், திட்ட விலக்கம் 10 நிமிடம் என்று வைப்போம். சராசரிகளைக் கூட்டினால் 100 நிமிடம். திட்ட விலக்கத்தையும் அப்படியே கூட்டி 40 என்று சொல்லலாமா? கட்டங்கள் ஒன்றையொன்று பாதிக்காதவை என்றால் கூடாது. ஒன்று தாமதமானாலும் இன்னொன்று விரைவாக முடிந்து கொஞ்சம் ஈடுசெய்யும். அப்போது ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 100 + 100 + 100 + 100 = 400, அதன் வர்க்கமூலம் 20. ஆகத் திட்ட விலக்கம் 20 நிமிடம்தான். அதைப்போல இரு மடங்கு, 40 நிமிடம், கூடுதலாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைத்துவிடலாம்.

ஆனால் நான்கு கட்டங்களும் ஒரே காரணத்தால் ஒன்றாகத் தாமதமானால் ஈடுசெய்ய எதுவும் இருக்காது. அப்போது 10 + 10 + 10 + 10 = 40 என்று நேராகவே கூடும். இரு மடங்கு என்றால் 80 நிமிடம் வேண்டும்.

அன்று அந்த ஒரே காரணம் மழை. சாதாரண மழை இல்லை, சுமத்ரா சூறைக்காற்று. ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ரா தீவின் மேலோ மலாக்கா நீரிணையின் மேலோ இரவில் இடிமேகங்கள் ஒரு நீண்ட கோடாக உருவாகும். அவை கிழக்கு நோக்கி நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ சிங்கப்பூரைக் கடக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகக் காற்று, ஒன்றிரண்டு மணி நேரம் கனமழை. கப்பலிலிருந்து மக்கள் இறங்கும் நேரமும் அதுவேதான். மின்னல் அபாயம் இருக்கும்போது திறந்தவெளியில் வேலை நிற்கும். பெட்டிகள் இறங்கத் தாமதமாகும். மழையில் நகரெங்கும் எல்லாரும் டாக்சி தேடுவார்கள். முனையத்துக்கு வரும் வண்டிகள் குறையும். சாலையில் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். அன்று இறங்குவதில் 45 நிமிடம், சோதனையிலும் பெட்டியிலும் 10, டாக்சியில் 15, சாலையில் 4 எனத் தாமதங்கள் சேர்ந்தன. மொத்தம் 74. என்னிடம் இருந்த மிச்சம் 70.

டாக்சிக்குப் பதில் எம்ஆர்டியில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். 2014ல் திறக்கப்பட்ட மரினா சவுத் பியர் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ், பிறகு தானா மேரா, பிறகு சாங்கி. இரண்டு இடங்களில் மாற வேண்டும். நடையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். சராசரி நேரம் டாக்சியைவிட அதிகம், ஏற்ற இறக்கம் குறைவு. மழை ரயிலை அவ்வளவாகத் தொடாது. கைப்பெட்டி மட்டும் வைத்திருக்கும் இருவருக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன். எங்கள் குடும்பம் டாக்சி வரிசைக்கு வந்தபோது மணி 9.05, அப்போது ரயிலும் காப்பாற்றியிருக்காது.

முன்பதிவு செய்த பெரிய வண்டி வரிசையை ஒழிக்கும். ஆனால் எத்தனை மணிக்கு வரச் சொல்வது? நீங்கள் தாமதமானால் காத்திருப்புக் கட்டணம் ஏறும், அல்லது ஓட்டுநர் கிளம்பிவிடுவார். எனவே கப்பல் எந்நேரம் வரும் என்பதைவிட உங்கள் குழு எந்நேரம் இறங்கும் என்பதைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். இன்னொன்று: 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்குத் தனியார் வாடகை காரில் அதற்குரிய இருக்கை கட்டாயம். டாக்சிக்கு விலக்கு உண்டு. அண்ணன் மகன் உயரம் 1.28 மீட்டர்.

இடத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். சிங்கப்பூரில் இரண்டு கப்பல் முனையங்கள் இருக்கின்றன. ஹார்பர்ஃபிரண்டில் இருப்பது பழையது. அதற்கு அருகில் செந்தோசாவுக்குக் கேபிள் கார் போவதால் 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல் அங்கே நுழைய முடியாது. அதனால் பெரிய கப்பல்கள் மரினா பேக்கு வருகின்றன. “கப்பல் முனையம்” என்று மட்டும் சொன்னால் ஓட்டுநர் எதற்குப் போவார் என்று சொல்ல முடியாது. சாங்கியிலும் அப்படித்தான், நான்காம் முனையத்துக்கு விமான நிலையத்தின் ஸ்கைடிரெய்ன் போகாது, பேருந்தில்தான் போக வேண்டும்.

வெளிநாட்டு உறவினர்களுக்கு ஒரு சொல். கப்பலில் வெளியே போய்த் திரும்புவதும் சிங்கப்பூருக்குள் மீண்டும் நுழைவதுதான். வருகை அட்டையைத் திரும்பும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மறுபடி இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. விசா தேவைப்படுவோர் அது பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. எவ்வளவு நேரம் கூடுதலாக வைப்பது? மிக அதிகம் வைத்தாலும் நேரம் வீண்தானே? இங்கே இரண்டு பக்க இழப்பும் சமம் இல்லை. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போனால் இழப்பது இரண்டு மணி நேரம். நான்கு நிமிடம் பிந்தினால் ஐந்து பயணச்சீட்டு. கப்பல் திரும்பும் நாளில் பிற்பகல் விமானத்தையே எடுக்கும்படி பயண முகவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் பள்ளி உணவகத்தில் இதைச் சோதித்துப் பாருங்கள். இடைவேளை மணி அடித்ததும் ஒரு கடை வரிசையில் முன்னால் நிற்பவர்களை எண்ணி, இரண்டு நிமிடத்தில் எத்தனை பேர் போகிறார்கள் என்று பார்த்து, காத்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே எழுதுங்கள். பிறகு கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்து நாள் செய்தால் சராசரியோடு ஏற்ற இறக்கமும் கைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் ஏன் தவறுகிறது என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.

பெரியம்மா குடும்பம் இந்த டிசம்பரில் மறுபடி கப்பலில் போகிறது. டிசம்பரில் சுமத்ரா சூறைக்காற்று இல்லை, ஆனால் வடகிழக்குப் பருவமழை உண்டு. கப்பல் காலை 7 மணி, விமானம் மாலை 5.40. “நடுவுல அவ்வளவு நேரம் என்னப்பா பண்றது?” என்றார். ஜுவலில் அருவி பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். பெட்டி எத்தனை என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.