நாம், நாங்கள், அவர்கள்: மாற்றுத்திறனாளிகளின் குரலும் தன்மைப் பன்மையும்

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்போரையும் சேர்த்துச் சுட்டுவது 'நாம்'. கேட்போரை நீக்கிப் பேசுவோர் தரப்பை மட்டும் சுட்டுவது 'நாங்கள்'. முன்னதை உளப்படுத்தும் தன்மைப் பன்மை என்றும் பின்னதை உளப்படுத்தாத் தன்மைப் பன்மை என்றும் வழங்குவர். தெலுங்கிலும் மலையாளத்திலும் இவ்வேறுபாடு உண்டு. இக்காலக் கன்னடத்தில் இல்லை. இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு சொல்லே இரு பொருளுக்கும் நிற்கிறது. உடல் இயக்கக் குறைபாடு உடையோர் ஒருவருக்கொருவர் துணைநிற்பதையும், தம் உரிமைக்குத் தாமே வாதாடுவதையும் விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு பெரிதும் பயன்படுகிறது.

1. படர்க்கையில் நிறுத்தப்படுதல்

'மாற்றுத்திறனாளிகளுக்கு நாம் உதவ வேண்டும்' என்பது மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். 'நாம்' கேட்போரை உள்ளடக்குவதால், அவையில் மாற்றுத்திறனாளி எவரும் இல்லை என்னும் முற்கோள் இவ்வாக்கியத்தில் பொதிந்துள்ளது. அவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தாலும் இலக்கணம் அவரைப் படர்க்கையில் நிறுத்திவிடுகிறது. சான்றிதழ் வழங்கும் முறையும் இத்தகையதே. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலைவாய்ப்பு ஒதுக்கீடு போன்றவற்றைப் பெறக் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். இவ்வளவீடு தேவையானதே. ஆயினும் அங்கு அவர் பேசப்படும் பொருளாக இருக்கிறாரேயன்றிப் பேசுபவராக இல்லை.

பெயர் மாற்றம் இந்நிலையை ஓரளவே மாற்றியது. 'ஊனமுற்றோர்' என்பதில் உள்ள 'உறு' என்னும் வினை, நேர்ந்ததைத் தாங்குபவர் என்ற பொருளைத் தரும். 'தொழிலாளி', 'அறிவாளி' ஆகியவற்றில் வரும் 'ஆளி' என்னும் விகுதி, ஒன்றை உடையவர் அல்லது ஆள்பவர் என்ற பொருளைத் தரும். 2010இல் தமிழ்நாடு அரசு 'மாற்றுத்திறனாளி' என்பதை ஏற்றது இவ்வகையில் ஒரு முன்னேற்றம். எனினும் இரண்டும் பிறர் சுட்டும் படர்க்கைப் பெயர்களே. 2015 டிசம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் 'திவ்யாங்' என்ற இந்திச் சொல்லை முன்மொழிந்தபோது உரிமை அமைப்புகள் பல அதனை எதிர்த்தன. உறுப்புக்குத் தெய்வத்தன்மை கற்பிப்பதால் படிக்கட்டு தாழாது என்பதே அவ்வெதிர்ப்பின் சாரம்.

2. 'நாம்': ஒத்தநிலையோர் துணை

தண்டுவடம் சிதைந்து உணர்ச்சியிழந்த ஒருவருக்குப் படுக்கைப்புண் பெரும் ஆபத்து. 'புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பது மருத்துவரின் முன்னிலை ஏவல். 'நாம் அடிக்கடி உடலைத் தூக்கி அமர வேண்டும். கண்ணுக்கு எட்டாத இடத்தை நாள்தோறும் கண்ணாடியில் பார்க்க வேண்டும்' என்பது சக்கர நாற்காலியில் பல்லாண்டு வாழ்ந்தவரின் கூற்று. செய்தி ஏறத்தாழ ஒன்றே. பின்னவர் தாமும் அவ்விதிக்கு உட்பட்டவர். அவர் எதிரே அமர்ந்திருப்பதே அவ்விதி பலிக்கும் என்பதற்குச் சான்று. செவிலியர் நோயாளியிடம், 'நாம் இப்போது மருந்து சாப்பிடலாமா?' என்று கேட்கும் 'நாம்' கனிவுடையதே எனினும் மருந்தை விழுங்குபவர் ஒருவரே.

இத்துணையை ஓர் அமைப்பாக வளர்த்தவர்கள் மாற்றுத்திறனாளிகளே. இளம்பிள்ளைவாதத்தால் இயக்கம் இழந்த எட் ராபர்ட்ஸும் தோழர்களும் 1972இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் தற்சார்பு வாழ்வு மையத்தைத் தொடங்கினர். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது காயமுற்றுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். 2006இல் ஏற்கப்பட்டு 2007இல் இந்தியா உறுதிசெய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 26ஆம் உறுப்பு, ஒத்தநிலையோர் துணையைப் பெயர்சுட்டியே குறிப்பிடுகிறது.

3. 'நாங்கள்': தமக்காகத் தாமே வாதாடல்

உலகெங்கும் மாற்றுத்திறனாளிகள் எழுப்பும் முழக்கத்தைத் தமிழில் 'எங்களை விலக்கி எங்களைப் பற்றி எதுவும் வேண்டா' எனலாம். இங்கு 'நம்மை' என்று பெயர்த்தால் பொருள் கெடும். கோரிக்கையைக் கேட்க வேண்டிய அதிகாரியும் கோருவோருள் ஒருவராகிவிடுவார். 'நாங்கள்' இடும் எல்லைக்கோடு பகைமையைக் குறிப்பதன்று. அறிவு எத்தரப்பில் உள்ளது என்பதைக் காட்டுவது. சாய்தளம் ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. நான்கடி நீளத்தில் கட்டிய சாய்தளமும் கோப்பில் சாய்தளமாகவே பதிவாகும். அதில் ஏற முடியாது என்பதைச் சக்கரத்தைக் கையால் உருட்டுபவர் முதல் முயற்சியிலேயே அறிவார்.

இதற்குச் சட்டம் இடம்தரத் தொடங்கியுள்ளது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் நடுவண் ஆலோசனை வாரியத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடமளிக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் அவர்களை உறுப்பினர்களாக நியமிக்க வகைசெய்யும் திருத்தங்கள் 2025இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறின. ஆயினும் நியமனம் மட்டும் போதாது. பின்னால் ஒரு குழு இல்லாத உறுப்பினர் 'நான்' என்றே பேச நேரும். அவர் கூற்று தனிமனிதக் குறையாகக் கேட்கப்பட்டு, தனிமனித உதவியோடு முடிக்கப்படும். தம்முள் 'நாம்' என்று கூடிப் பேசித் தேர்ந்தவரே அவையில் 'நாங்கள்' என்று சொல்ல இயலும். ஆகவே ஒத்தநிலையோர் துணையை ஆறுதல் பணி என்றும் உரிமை வாதத்தை அரசியல் என்றும் பிரித்து, முன்னதற்கு மட்டும் ஆதரவளிப்பது பொருந்தாது. முன்னது இன்றேல் பின்னதற்குக் குரல் இல்லை. பின்னது இன்றேல் முன்னதன் அறிவு அறைக்குள்ளேயே தங்கிவிடும்.