சிவந்த கண்ணும் மரக்கிளைப் புண்ணும்

கடந்த மாரிகாலத்தில் நண்பரொருவருக்கு மொழிபெயர்ப்பதற்காகக் கண் வைத்தியசாலைக்குச் சென்றிருந்தேன். அவரது இடக்கண் மட்டும் சிவந்திருந்தது. நோவு அதிகமில்லை, வெளிச்சம் கூசியது, பார்வை புகார் படிந்தாற்போலிருந்தது. தாய்ப்பால் விடுவதா, இந்தக் குளிரில் நந்தியாவட்டைக்கு எங்கே போவது என்றெல்லாம் வீட்டில் ஆராய்ந்தபின், மாமனாரின் கண்புரைச் சத்திரசிகிச்சையில் மிஞ்சிய துளிமருந்தைப் பத்து நாட்கள் விட்டிருக்கிறார். முதலிரு நாட்களும் சிவப்பு வடிந்ததாம்.

வைத்தியர் முதலிற் பஞ்சு நுனியால் விழியைத் தொட்டுப் பார்த்தார். பின்னர் செம்மஞ்சட் சாயமிட்டு நீல ஒளியில் நோக்கினார். ஹேர்ப்பிஸ் சிம்பிளெக்ஸ் வைரஸ் விழிவெண்படலத்தைத் தாக்கினால், மரக்கிளைபோற் கவர்விட்டு நுனிகளில் மொட்டுக்கட்டிய புண்ணொன்று பச்சையாய் ஒளிர்வது வழமை. நண்பரின் கண்ணிற் கிளைகள் இல்லை. அவை ஒன்றோடொன்று கலந்து, தேசப்படத்துத் தீவுபோன்ற அகன்ற புண்ணாகியிருந்தன. மாமனாரின் மருந்தில் ஸ்ரெரோயிட் இருந்தது. அது அழற்சியைத் தணித்துச் சிவப்பை மறைக்கும். கூடவே உடலின் எதிர்ப்பை அடக்கி வைரஸ் பரவ வழிவிடும்.

இந்நோய் வேறு வேடங்களும் தரிப்பதுண்டு. சிலவேளை கிளைப்புண் வெண்விழியை மூடிய மென்படையில் தோன்றும். சிலவேளை படலத்தின் விளிம்பில் எழுந்து பக்றீரியாவால் வந்ததென மயக்கும். கண்மடலில் சில கொப்புளங்களுடன் சாதாரண கண்நோய்போல் வந்து போவதுமுண்டு. நோவு குறைவதும் ஓர் அடையாளமே: வைரஸ் நரம்பைத் தாக்குவதாற் படலத்தின் உணர்ச்சி மங்குகிறது. பஞ்சு நுனியின் நோக்கம் அதுவே.

காய்ச்சலின்போது உதட்டோரம் கொப்புளமாய் எழுவதும் பெரும்பாலும் இதே வைரஸ்தான். அநேகமாகச் சிறுவயதில் தொற்றி, முகத்து நரம்பின் கணுவில் ஆயுள் முழுதும் உறங்கும். 1962 இல் ஹேர்பேர்ட் கோஃப்மன் இடொக்சியூரிடீன் துளிமருந்தால் இதனைக் குணப்படுத்திக் காட்டினார். பின்வந்த அசைக்ளோவிர் புண்ணை ஆற்றும். உறங்கும் வைரஸை அழிக்காது. எனினும் முந்திய ஓராண்டினுள் இந்நோய் கண்டவர்களுக்கு 400 மில்லிகிராம் குளிகை நாளுக்கு இருவேளை ஓராண்டு கொடுக்கப்பட்ட அமெரிக்க ஆய்வொன்றில் (1998) மீள்வரவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஆகவேதான், "முன்னரும் இதே கண் சிவந்ததுண்டா?" என வைத்தியர் கேட்டார். நண்பர் இல்லையென்றார். நானும் அப்படியே மொழிபெயர்த்தேன். பேருந்துத் தரிப்பிடத்தில் வைத்துத்தான், அகதிமுகாமில் இருமுறை சிவந்ததென்றும், அது தஞ்சக் கோரிக்கைக் கோப்பில் ஏறிவிடுமோவென அஞ்சியதாகவும் சொன்னார். திரும்பிச் சென்று கதவைத் தட்டினோம்.