பாறைக்குக் காது, மாந்தோப்புக்குக் கண்

கோலார் தங்கவயல் மக்களுக்குச் சென்சார் என்பது புதிய சங்கதி அல்ல. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கப் பகுதியில், பாறைக்குள் எழும் அதிர்வுகளைப் பதிவு செய்ய ஜியோபோன்கள் பொருத்தப்பட்டிருந்தன. ராக் பர்ஸ்ட் எந்த இடத்தில் நேர்கிறது என்று தொலைவிலிருந்தே அறியும் ஏற்பாடு அது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் அதே வகை அறிவு இன்று நம் மாவட்டத்து மாந்தோப்புகளுக்குத் தேவைப்படுகிறது.

சீனிவாசபுரம் தாலுகா மாம்பழத்துக்குப் பேர் போனது. அதற்குப் பெரும் பகை பழ ஈ. பெண் ஈ, முற்றிய காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். சில நாளில் புழு வெளிவந்து சதையைத் தின்னும். வெளியே பார்த்தால் பழம் நல்லாத்தான் இருக்கும். அறுத்தால்தான் குட்டு வெளிப்படும். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்துக்குத் தடை போட்டதற்குக் காரணம், சரக்கில் பழ ஈக்கள் காணப்பட்டதே. 2015-ல்தான் அது நீங்கியது.

ஆண் ஈக்களை மெத்தில் யூஜினால் என்னும் வாசனைப் பொருள் இழுக்கும். பீகாரின் பூசாவில் பணியாற்றிய ஹவ்லெட் 1915-லேயே இதை எழுதிவிட்டார். அந்த மருந்தில் ஊறிய மரத்துண்டைப் பொறியில் வைத்துத் தோப்பில் தொங்கவிடுவார்கள். விழுந்த ஈக்களை ஆள் போய் எண்ண வேண்டும்.

மின்னணுப் பொறியில் அந்த எண்ணும் வேலையைக் கருவி செய்கிறது. உள்ளே சிறு கேமரா படமெடுக்கும். அல்லது ஈ நுழையும்போது ஒளிக்கற்றை மறைபடுவதை வைத்துக் கணக்கிடும். கூடவே வெப்பமும் ஈரப்பதமும் பதிவாகும். சூரிய மின்சாரத்தில் இயங்கி, செல்போன் வழியே தகவல் அனுப்பும். எண்ணிக்கை ஏறும் அன்றே விவசாயி உஷாராகலாம். கணக்கின்றி மருந்தடிக்கும் செலவும் குறையும்.

ஆனால் ஒன்று: பொறி எண்ணுவது ஆண் ஈயை; காயில் முட்டையிடுவதோ பெண் ஈ. எனவே எண்ணிக்கை எச்சரிக்கை மட்டுமே. உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாகப் பறந்து வரும். ஒருத்தர் தோப்பைச் சுத்தம் செய்து பக்கத்துத் தோப்புக்காரர் சும்மா இருந்தால் பயனில்லை. ஈக்கு வேலி ஏது? ஊரே சேர்ந்து பொறி வைத்து, கணக்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

தினமும் ரயிலேறி பெங்களூர் போய்க் கணினி வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இதைச் சிந்திக்கலாம். அவர்கள் கற்ற கல்விக்கு நம் மண்ணிலேயே ஒரு வேலை காத்திருக்கிறது.