காவற்பரணும் கமக்காரர் உயிரும்
மன்னார்ப் பகுதி நெல், காய்கறிச் செய்கையாளருக்குச் சில அறிவுரைகள்

விளைந்த பயிரை விலங்குகளினின்றும் காத்தல், உழுதலையும் விதைத்தலையும் போன்றே கமத்தொழிலின் ஓர் அங்கமாகும். தினைப்புனத்தில் உயர்ந்த பரண் அமைத்து அதிலிருந்து காவல் புரிந்த வழக்கத்தைச் சங்க நூல்கள் கூறும். அப்பரணை அவை இதணம் என்றும் கழுது என்றும் குறிக்கும். அத்தொன்மையான வழக்கம் முசலி, மடு, நானாட்டான், மாந்தை மேற்குப் பிரிவுகளில் இன்றும் மறையவில்லை. காலபோக நெல் பால்கொள்ளும் நாள் தொட்டு அறுவடை முடியும் நாள் வரை, வயலோரத்துப் பரண்களில் இரவு விழித்திருக்கும் கமக்காரர் பலராவர்.

பன்றி ஒரே இரவில் உழக்கிய பாத்தியை அடுத்த போகத்தில் மீட்டுக்கொள்ளலாம். பரணினின்றும் விழுந்து முதுகெலும்பு முறிந்த கமக்காரரை எப்போகத்திலும் மீட்டல் அரிது. குடும்பத்தின் உழைப்பு முழுவதும் ஒருவர் தோளில் தங்கியிருக்கையில், அவர் வீழ்ந்தால் வயலும் வீழும். ஆகையால் பரணை முறைப்படி அமைத்துக் கவனமாகப் பயன்படுத்தும் வழிகள் இங்கு கூறப்படுகின்றன.

1. பரண் வேண்டிய இடமும் வேண்டாத இடமும்

மன்னார்த் தீவிலே காய்கறித் தோட்டங்களுக்குத் தொல்லை தருவன பெரும்பாலும் திரியும் கழுதைகளும் கட்டாக்காலி மாடுகளுமாம். இவற்றுக்குப் பரண் வேண்டியதில்லை. நெருக்கமாக நிறுத்திய பனைமட்டை வேலியோ முட்கம்பி வேலியோ போதுமானது. வேலியால் ஆவதைப் பரணால் செய்ய முயலுதல் வீண் உழைப்பும் வீண் ஆபத்துமாகும்.

பெருநிலப்பரப்பில் நிலைமை வேறு. கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள வயல்களிலும், அருவியாற்றை அடுத்த காணிகளிலும், காடு அண்மையில் உள்ளது. கச்சான், மரவள்ளி, வற்றாளை ஆகியவற்றைக் காட்டுப்பன்றி கிளறி உண்ணும். முசலி, மடுப் பகுதிகளில் யானையும் வரும். பன்றிக்காவலுக்கும் யானைக்காவலுக்கும் ஒரே பரண் பொருந்தாது என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

2. மரத்தைத் தெரிந்துகொள்ளல்

உயிருள்ளதும், நேராக நிற்பதும், வேர் ஊன்றியதுமான மரத்தையே தெரிதல் வேண்டும். வயிரமேறிய புளி, மருது, வீரை ஆகியன ஏற்றவை. மருதமரம் ஆற்றோரத்தும் வாய்க்காலோரத்தும் நிற்பதாகலின், வெள்ளம் அதன் வேரடி மண்ணை அரித்துள்ளதா என்று நோக்குக. தண்டைக் கோடரியின் பின்புறத்தால் தட்டிப் பார்க்க. வெற்றோசை எழுமாயின் உள்ளே பொந்து உண்டு, அம்மரத்தைக் கைவிடுக.

முருங்கை போன்ற முறியும் இயல்புள்ள மரங்கள் ஆகா. பனையிலும் தென்னையிலும் பரண் கட்டுதல் தவறு. கிளையில்லாத ஒற்றைத்தண்டு காற்றில் ஆடும்பொழுது கட்டுகள் நெகிழும். ஓலையும் காயும் தலைமேல் விழும். மன்னாருக்குப் புகழ் சேர்க்கும் பெருக்கமரத்தின் தண்டு நீர் நிறைந்த மென்மரமாகும். அதில் அறைந்த ஆணி நில்லாது, அம்மரமும் கேடுறும்.

பாலைமரம் வலியதாயினும் ஒரு பருவத்தில் அதனை விலக்குதல் வேண்டும். வைகாசி தொடக்கம் ஆடி வரை பாலை பழுக்கும். வில்பத்துக் காட்டையும் அதனை அடுத்த பகுதிகளையும் சேர்ந்த கரடிகள் அப்பழத்தை நாடி மரத்தில் ஏறும். சிறுபோகக் காவலுக்கு அம்மரத்தில் இருப்பவர், கரடிக்கு இறங்கும் வழியை மறித்தவராவார்.

ஏறுமுன் கிளைகளிற் குளவிக்கூடும் பெருந்தேன்கூடும் உண்டா என்று பகல் வெளிச்சத்திற் பார்த்துக்கொள்க. மின்கம்பி அண்மையிற் செல்லும் மரத்தை அணுகற்க.

3. பரணின் உயரம்

உயரம் மிகுந்தால் காவல் சிறக்கும் என்பது பிழையான எண்ணம். பன்றி மரம் ஏறாது. ஆகவே பன்றிக்காவலுக்கு 8 முதல் 10 அடி வரை உயரம் போதும். ஒவ்வோர் அடி உயரமும் வீழ்ச்சியின் கொடுமையைக் கூட்டுகின்றது.

யானை நடமாடும் இடத்தில், நான்கு கப்புகள் நட்டு அமைத்த பரண் காவலாகாது. யானை முதுகை உரசினாலே கப்பு சாயும். அத்தகைய இடத்தில், ஒருவர் இரு கைகளாலும் கட்டியணைக்க முடியாத பருமனுள்ள உயிர்மரத்தில், 20 அடிக்குக் குறையாத உயரத்திலேயே இருத்தல் வேண்டும். யானையின் வழக்கமான தடத்தின்மேல் பரண் அமைத்தல் கூடாது. தடத்தை விட்டு விலகி, அதனைப் பார்க்கத்தக்க இடமே தகும். ஊரவர் கூடி அமைக்கும் சூரியசக்தி மின்வேலி, எத்தனை பரண்களிலும் நன்று.

4. பரண் அமைக்கும் முறை

தனித்து நிற்கும் பரணுக்கு 6 அங்குல விட்டமுள்ள நான்கு கப்புகளை 3 அடி ஆழத்தில் நட்டு, மண்ணை இறுக இடித்தல் வேண்டும். கப்புகளுக்கிடையே குறுக்காகச் சாய்மரங்கள் கட்டாவிடில் பரண் ஆடும். தளம் இருவர் கால் நீட்டி இருக்கப் போதிய அகலமாயிருத்தல் நன்று. 5 அடிக்கு 6 அடி ஏற்றது. தளத்தைச் சுற்றி மூன்றரை அடி உயரத்தில் உறுதியான கைமரம் அமைத்து, அதன் நடுவிலும் ஒரு மரம் வைத்துக் கட்டுக. உறக்கத்திற் புரளுபவரைத் தடுப்பது இந்நடுமரமே.

தும்புக்கயிறு மழையில் உக்கும். நைலோன் கயிறு வெயிலில் வலுவிழக்கும். ஆதலால் சென்ற போகத்துக் கட்டை நம்பி இப்போகத்தில் ஏறுதல் கூடாது. ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் கட்டுகள் யாவற்றையும் அவிழ்த்துப் புதிதாகக் கட்டுக. உயிர்மரம் பருக்கும், காற்றில் அசையும். ஆகவே மரத்தில் கட்டிய பரணை வாரம் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

பரண் முடிந்தவுடன் அதில் ஏறற்க. அதில் இருக்கவுள்ளோரின் எடையைப்போல் இருமடங்கு எடையுள்ள மண்மூட்டைகளைத் தளத்தில் ஏற்றி, ஓரிரவு விட்டுவைக்க. காலையில் கட்டு நெகிழவும் மரம் கீறவும் இல்லையாயின் ஏறலாம். சோதனையின்போது பரணின் கீழ் ஒருவரும் நிற்றல் ஆகாது.

5. ஏறுதலும் இறங்குதலும்

பரணில் இருக்கும்பொழுதினும், ஏணியிலிருந்து தளத்துக்கு அடியெடுத்து வைக்கும் கணமே வீழ்ச்சிக்கு ஏதுவானது. ஏணியின் தலைப்பு தளத்துக்கு மேல் 3 அடி உயர்ந்து நிற்குமாயின், பிடித்துக்கொண்டு கால் மாற்றலாம். ஏணியை மேலும் கீழும் மரத்துடன் கட்டுக. இரு கால்களும் ஒரு கையும், அன்றேல் இரு கைகளும் ஒரு காலும் எப்பொழுதும் ஏணியைப் பற்றியிருத்தல் வேண்டும். ஆகையால் கையில் ஒன்றும் கொண்டு ஏறற்க. தண்ணீர்ப்போத்தல், ரோச் விளக்கு முதலியவற்றை ஒரு பையிலிட்டுப் பின்னர்க் கயிற்றால் இழுத்துக்கொள்க.

வட அமெரிக்காவில் மரப்பரணிலிருந்து மான் வேட்டையாடுவோர் தோள், மார்பு, தொடைகளைத் தாங்கும் முழுவுடற் பட்டிகை அணிகின்றனர். கட்டிட வேலையாளர் அணியும் பட்டிகையும் அத்தகையதே. இடுப்பில் மட்டும் கட்டிய கயிறு, விழுந்தவரின் வயிற்றை நெரித்து மூச்சை அடைக்கும். பட்டிகையின் கயிற்றைத் தலைக்கு மேலே அடிமரத்தில் இறுகக் கட்டி, இருக்கும்பொழுது தொய்வின்றி இருக்கச் செய்க. தொய்வு நீளுமாயின் வீழ்ச்சியும் நீளும்.

பட்டிகையில் தொங்குபவர் ஆறுதலாக இருக்கலாம் என்று எண்ணற்க. தொடைவார் அழுத்துவதனால் குருதி கால்களில் தேங்கும், மயக்கம் வரும், நேரம் சென்றால் உயிருக்கும் ஆபத்து. ஆகவே கால் ஊன்றி எழும்பத்தக்க ஒரு மிதிகயிற்றை மடியில் வைத்திருத்தல் வேண்டும்.

கள்ளோ சாராயமோ அருந்தியவர், காய்ச்சலுற்றவர், தூக்கந்தரும் மருந்துண்டவர் பரணில் ஏறுதல் தகாது. இருவர் சேர்ந்து சென்று, முறைவைத்து விழித்திருத்தலே நன்று. எப்பரணில் இருப்பீர்கள், எந்நேரம் திரும்புவீர்கள் என்பதை வீட்டாரிடம் கூறிச் செல்லுங்கள்.

6. துவக்கும் வெடியும்

உரிமப்பத்திரம் பெற்ற துவக்கு வைத்திருப்பவர், தோட்டாவை அகற்றிய பின்னரே அதனைப் பரணுக்கு ஏற்றுதல் வேண்டும். துவக்கின் வாய் நிலத்தை நோக்கியிருக்கக் கட்டி, கீழே எவரும் இல்லாதபொழுது கயிற்றால் இழுக்குக. இறங்கும்பொழுதும் இவ்வாறே. புதரில் அசைவு கண்டதும் சுடுதல் பெரும்பிழை. அசைவது அயல் வயலுக்குக் காவல் வந்தவராகவும் இருக்கலாம். விலங்கு இன்னதென்று தெளிவாகக் கண்டு, அதன் பின்னால் உள்ளது யாதென்றும் அறிந்தாலன்றி விசையில் விரல் வைக்கற்க. அயற்பரண்கள் எத்திசையில் உள்ளன என்பதைப் பகலிலேயே ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளுதல் வேண்டும்.

யானைவெடியைப் பரணில் வைத்துக் கொளுத்துதல் கூடாது. பனையோலைக் கூரையில் ஒரு பொறி விழுந்தால், ஏணிக்குச் செல்லுமுன் தீ சூழும். குப்பிவிளக்கும் கொசுவிரட்டும் புகைச்சட்டியும் அவ்வாறே ஆகா. வெடியைக் கையில் பிடித்திருந்து எறிந்தவர்கள் விரல்களை இழந்ததுண்டு.

கயிறு தட்டியவுடன் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கும், வீட்டு மின்சாரத்தை நேரே பாய்ச்சிய கம்பியும் சட்டவிரோதமானவை. அவை பன்றியையும் மனிதரையும் வேறுபடுத்தி அறியா. இரவில் பரணுக்குச் செல்லும் கமக்காரரே அவற்றிற் சிக்குவர்.

7. இடியும் காற்றும்

சித்திரை மாதத்து மாலைகளிலும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் இடிமுழக்கம் மிகும். வெளியான வயலின் நடுவே தனித்து நிற்கும் மரமே மின்னலுக்கு இலக்காகும். முழக்கம் காதில் விழுந்தவுடன் இறங்கி, கல்வீட்டையோ மூடிய வாகனத்தையோ அடைக. மரத்தடியில் ஒதுங்கற்க. கடைசி முழக்கம் கேட்டு அரை மணி நேரம் சென்ற பின்னரே மீளலாம். 1964 ஆம் ஆண்டு மார்கழியில் தலைமன்னார்க் கரையையும் தனுஷ்கோடியையும் தாக்கிய புயலை முதியோர் மறவார். புயலெச்சரிக்கை வந்த நாளில் பயிரைக் கருதாது வீட்டிலிருத்தல் வேண்டும்.

8. செல்லும் வழி

வயல் வரம்பில் கண்ணாடிவிரியன் கிடக்கும். முழங்கால் வரை சப்பாத்து அணிந்து, ரோச் வெளிச்சத்தில் நடக்க. போர் 2009 ஆம் ஆண்டில் முடிவுற்றதாயினும், புதிய காட்டுப்பாதை வெட்டும்பொழுதும் கப்புக்குழி தோண்டும்பொழுதும் விழிப்பாக இருங்கள். ஐயத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாது விலகி, பொலிசாருக்கு அறிவியுங்கள்.

9. சட்டம் கூறுவது

யானை, கரடி, சிறுத்தை, மான், மரை ஆகியன சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. கட்டுக்கரைக்குளப் பகுதி 1954 ஆம் ஆண்டிலும், வங்காலைப் பகுதி 2008 ஆம் ஆண்டிலும் சரணாலயங்களாயின. மடுவீதிப் பகுதி 2015 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. இவ்வெல்லைகளுக்குள் வேட்டையாடுதலும் மரம் வெட்டுதலும் குற்றமாகும். காட்டிற் கப்பு வெட்டுமுன் வனத் திணைக்கள அலுவலரிடம் அனுமதி பெறுக. காட்டுப்பன்றி பற்றிய விதிகளை வனஜீவராசிகள் அலுவலரிடம் கேட்டறிக.

10. விபத்து நேர்ந்தால்

விழுந்தவரைத் தூக்கி நிறுத்தவோ, மோட்டார் சைக்கிளில் இருத்திச் செல்லவோ முயலற்க. முறிந்த முதுகெலும்பு அசைந்தால் கால்கள் என்றைக்குமாகச் செயலிழக்கலாம். கழுத்தும் முதுகும் அசையாதபடி கிடத்தி, 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து இலவச அம்புலன்ஸ் வண்டியை வருவிக்குக. குருதி பெருகுமாயின் தூய துணியால் அழுத்திப் பிடிக்க. வயலுக்கு வரும் வழியைக் காட்ட ஒருவரைத் தெருவில் நிறுத்துக.

நினைவில் வைக்க வேண்டியவை

உக்கிய கயிற்றை நம்பற்க.
மண்மூட்டை ஏற்றிச் சோதியாத பரணில் ஏறற்க.
பட்டிகையின்றி இருக்கற்க.
தோட்டா உள்ள துவக்கை ஏற்றற்க.
இடி கேட்டால் இறங்குக.
தனியே செல்லற்க.

மேலதிக விபரங்களுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அல்லது கமநல சேவை நிலையத்தை அணுகுங்கள்.